சனல் காக்காவின் மாப்பிள்ளைக் கார்

உலகத்தில் எந்த மூலையில் யார் கார் திருத்தினாலும் அவருக்குக் கல்முனையில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர்தான் எங்கள் தெருச் சனல் காக்கா; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனல் காக்காதானே?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

காக்காவுக்குத் தொழில் பசாரில் சாரன், அதாவது கைலி, விற்கிற கடை. அவருடைய பரம்பரையில் யாரும் ஸ்பானர் பிடித்ததில்லை. கையில் போன் வந்தது, போனில் வீடியோ வந்தது, வீடியோவில் ஒருவன் துருப்பிடித்த காரைக் கழற்றிப் புதுக் காராகப் பூட்டினான். அன்றைக்கு அதற்குள் போன மனிதர் இன்னும் வெளியே வரவில்லை. கடைக்கு வருகிறவர் சாரன் கேட்டால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றை உருவி நீட்டுவார். வீட்டுக்குப் போய் விரித்துப் பார்த்தால் படுக்கை விரிப்பாக இருக்கும்.

தான் பார்க்கிற யூடியூப் சனல்காரர்களுக்கெல்லாம் அவரே முறை வைத்திருந்தார். பாகிஸ்தானில் ரோட்டோரம் குந்தியிருந்து சுத்தியலால் லொறி திருத்துகிறவர் 'லொறி மச்சான்'. பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் கராஜுக்குள் நின்று மூச்சு விடாமல் கதைக்கிற பையன் 'வாயாடித் தம்பி'. எந்த நாடென்றும் தெரியாமல், முகமும் காட்டாமல், ஒரு சொல்லும் கதைக்காமல், இரண்டு கைகளை மட்டும் காட்டி எஞ்சின் பூட்டுகிறவர் 'மௌன உஸ்தாத்'. காக்காவுக்கு மூவரிலும் பெரிய மரியாதை உஸ்தாத்மேல்தான். அவருடைய வீடியோ ஓடும்போது காக்கா சாரனை இறக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

ஒருநாள் பள்ளிவாசல் வாசலில் என்னை மறித்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, லொறி மச்சான் கொஞ்ச நாளா வீடியோ போடல்ல. புள்ளைகளுக்குச் சுகமில்லையோ என்னவோ. நீங்களும் ஒரு துஆ கேளுங்க."

மச்சான் மறுபடி வீடியோ போட்ட அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ கிடைத்தது. சாரன் வாங்காதவர்களுக்கும் கிடைத்தது.

வாயாடித் தம்பியால் வந்த வினை வேறு. நல்ல உச்சி வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. காக்காவின் மோட்டார் சைக்கிள் வாசலில் கம்பளிப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

"என்ன காக்கா இது?"

"எஞ்சினுக்குக் குளிர் ஆகாதாம். தம்பி சொல்லியிரிக்காரு."

"இஞ்ச எங்க காக்கா குளிர்?"

"அதுதான் போர்வை போட்டிரிக்கேனே. மறுகா எப்பிடிக் குளிரும்?"

அவருடைய கைவேலையில் நானும் ஏமாந்தவன்தான். என் காரில் ஓட்டுநர் பக்கக் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று வாய் தவறி அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். சுத்தியலோடு ஓடி வந்தார். லொறி மச்சான் பாணியில் ஓங்கி ஓர் அடி. கதவு பூட்டிக்கொண்டது. அதன் பிறகு திறக்கவேயில்லை. "இனிக் கள்ளன் வந்தாலும் பயமில்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். நான் மற்றப் பக்கக் கதவால் ஏறி, கியருக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இப்படியிருக்க, பொத்துவிலில் ஒரு ஹோட்டல் வாசலில் பூச்சாடி வைப்பதற்காக நிறுத்தியிருந்த பழைய கார் ஒன்றைக் காக்கா லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூன் முதுகு, எஞ்சின் பின்னால். ஆமைக் கார் என்று ஊரில் சொல்வார்களே, அது. அவர் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், வாசலில் நின்று கையைத் தலையில் வைத்தார்.

"அல்லாஹ்வே! வீட்டுல ஒரு பைத்தியம் காணாதெண்டு துணைக்கு ஒண்டக் கூட்டிக்கு வந்திரிக்காரு."

கார் வந்த கையோடு மகள் சிப்னாவுக்குச் சம்பந்தமும் வந்தது. சிப்னா என் மகளின் தோழி. மாப்பிள்ளை நிந்தவூர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். அதனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே கூரை, சேர்ந்து சாப்பிட ஒரே சஹன் தட்டு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. அவர்கள் போன பிறகு காக்கா என்னிடம் வந்தார். கையில் போன் இல்லை. அதைக் கண்டே நான் பயந்துவிட்டேன்.

"நல்ல புள்ளதான் தம்பி. ஆனா என்னோட வாய் தொறக்கல்ல. நான் என்னத்தக் கதைக்கிற? எனக்குத் தெரிஞ்சது கார்தான். அதக் கதைச்சாப் பைத்தியம் எண்டு நினைப்பாரு. காலம் பூரா ஒரே வீட்டுல இரிக்கப் போறம். அவருக்கு என்னயப் புடிக்காமப் போனா?"

தெருவே சிரித்தபோதும் அசையாத மனிதர். அன்றைக்கு அவர் குரல் உடைந்ததைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, அதாவது பெரியப்பா, கொஞ்சம் பகட்டான ஆள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொழும்பிலிருந்து நீளமான வாடகைக் கார் எடுக்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். சிப்னா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"மாப்பிள்ள எங்கட வாப்பாட கார்லதான் வரோணும். இல்லாட்டி நடந்து வரட்டும்."

காக்கா அழுதுவிட்டார். அழுத கையோடு கியர் பெட்டியைக் கழற்றினார்.

அந்தக் கியர் பெட்டியை உஸ்தாத் ஒரு வீடியோவில் முழுதாகக் கழற்றிப் பூட்டியிருந்தார். அதைப் பார்த்துப் பூட்டுவதில் காக்காவுக்கு ஒரு சிக்கல். அவருடைய போனின் பெட்டரி செத்துப்போய்க் கனகாலம். சுவரில் கறன்ட் குத்தியபடியே இருந்தால்தான் உயிர். கறன்ட் பொயின்ட் முதுகுக்குப் பின்னால். கியர் பெட்டியோ அசைக்க முடியாத பாரம். கிறுகிக் கிறுகித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலி கண்டுவிட்டது. கடைசியில் ராத்தாவின் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து எதிரே சாத்திவைத்து, கண்ணாடியில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். "எப்பிடி மூளை?" என்று என்னிடம் கேட்டார். நானும் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெயின்ட் அடிக்கப் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கராஜுக்குக் காரைக் கயிறு கட்டித்தான் இழுத்துப் போனார்கள். கலியாணத்தன்று அங்கிருந்து பள்ளிவாசல் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். காக்கா எஞ்சினை முடுக்கிப் பார்த்திருந்தார், நன்றாகப் பாடியது. ஓட்டிப் பார்க்கத்தான் இல்லை. உஸ்தாத் ஒரு வீடியோவிலும் ஓட்டிப் பார்த்ததில்லையே, கைகள் மட்டும்தானே வரும்.

பள்ளிவாசலில் காவின் எழுதி நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையும் பெரிய வாப்பாவும் பின் சீட்டில் ஏறினார்கள். முன்னால், கோலாட்டம்போலக் கம்படித்து ஆடுகிற பொல்லடிக்காரர் கம்புகளோடு வரிசை பிடித்தார்கள். அடுத்த தெருமுனையில் பெண் வீட்டுப் பந்தல் தெரிகிறது. காக்கா பிஸ்மி சொல்லி முதலாம் கியரைப் போட்டார். கார் பின்னால் போனது.

நிறுத்தி, இரண்டாவதைப் போட்டார். கொஞ்சம் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதைப் போட்டார். பின்னால் நின்ற பலூன்காரர் மதில் ஏறிவிட்டார். ரிவர்ஸ் கியரோ விழவேயில்லை.

பெரிய வாப்பா தலையை வெளியே நீட்டினார். "என்ன மாப்பிள்ளைய நிந்தவூருக்கே திருப்பி அனுப்புறீங்களா?"

கூட்டம் சிரித்தது. காக்காவின் முகம் வெளுத்தது. நான் ஜன்னலோரம் நின்றேன். "கண்ணாடி தம்பி, கண்ணாடி" என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் வலம் இடமாகத்தானே தெரியும். பல் சக்கரத்தை மற்றப் பக்கத்தில் பூட்டியிருக்கிறார்.

பெரிய வாப்பா வாடகைக் காருக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். காக்கா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டார். சிப்னாவுக்கு என்ன பதில் சொல்வார் என்று நான் பந்தல் பக்கம் பார்த்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மாமா, பின்னுக்கு நல்லாத்தானே ஓடுது. காரக் கிறுக்கித் திருப்பி வெச்சிட்டு அப்பிடியே போவமே."

காக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

பொல்லடிக்காரர் கம்பைக் கீழே வைத்தார்கள். எல்லோருமாகத் தள்ளிக் காரைத் திருப்பி, பின்பக்கத்தைப் பெண் வீட்டுக்குக் காட்டி நிறுத்தினோம். காக்கா கழுத்தை முழுதாகத் திருப்பிப் பின் கண்ணாடியால் வழி பார்த்து ஓட்டினார். "மருமகன், தலையக் கொஞ்சம் சாயுங்க, ரோட்டு தெரியல்ல" என்கிற சத்தம் பொல்லடியையும் மீறிக் கேட்டது. பந்தலில் குரவை போடக் காத்திருந்த பெண்கள் காரின் பின்பக்கத்தைக் கண்டதும் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். பிறகு எழுந்ததே ஒரு குரவை, கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஜன்னலில் சிப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாப்பாட்டின்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன். "தம்பிக்குப் பயமா இரிக்கல்லயா?"

"இல்ல மாமா. முன்னுக்குப் போயிருந்தா அவங்கட பிடரியத்தானே பாத்திருப்பன். வழி நீளம் என்ட முகத்தப் பாத்துக் கதைச்சிக்கிட்டு வந்தாங்க."

"என்ன கதைச்சாரு?"

"கண்ணாடியப் பத்தி."

காக்காவின் கழுத்து நேராகச் சில நாள் பிடித்தது. அதுவரை கடையில் பக்கவாட்டில் உட்கார்ந்து சாரன் விற்றார். இப்போது மருமகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உஸ்தாத்தைப் பார்க்கிறார்கள். ராத்தாவின் கண்ணாடி அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. கியர் பெட்டியை மறுபடி கழற்றிச் சரியாகப் பூட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் ஓடிப்போய்க் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"திருத்துங்க காக்கா, வேணாமெண்டு சொல்லல்ல. என்ட மகள்ட மாப்பிள்ளையையும் நான் இப்பிடிப் பின்னுக்கு ஓட்டிக் கூட்டிக்கு வரோணும், அந்தக் கலியாணம் மட்டும் முடியட்டும்."