முருகா, அந்த மனுசன்கிட்ட சொல்லு

பெண்டாட்டி பேசாவிட்டால் பேசாமலே போகட்டும், தானாக வாயைத் திறந்து கெஞ்சுவதில்லை என்று வாசு முடிவெடுத்தார். உறுதியான முடிவு. மறுநாள் காலைக் கோப்பியில் சீனி குறையும் வரைக்கும் உறுதியாகவே இருந்தது.

நடந்ததில் தன் மேல் குற்றம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. குற்றம் இருந்தால் அது காரின் பின்னால் இருந்த புகைக்குழாயின் மேல்தான்.

கார், வீட்டுப் பேச்சில் காடி, ஒரு பழைய சிவப்புச் சத்ரியா. பழசு என்று அவர் முன்னால் யாரும் சொல்லிவிட முடியாது. பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சின் அதற்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். அன்றிலிருந்து வாசுவின் காலைப் பூசை அதற்குத்தான். முதலில் குளிப்பாட்டுவார். பிறகு களிமண் கட்டி மாதிரி ஒன்றைத் தேய்த்து, பெயின்ட்டில் ஒட்டிய தூசியை எடுப்பார். பிறகு மிஷின் போட்டுப் போலிஷ், அதற்கு மேல் மெழுகு. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியுமே மெல்லிய கீறல், அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குணவதியின் நிழல் காரின் மேல் விழுந்தால்கூடத் துணியை எடுத்துத் துடைத்துவிடுவார்.

அதையெல்லாம் குணவதி பொறுத்துக்கொண்டாள். போன மாதம் அவர் ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறைக்குப் போய், சத்தத்தை அடக்கும் டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பால் டின் அகலத்துக்கு வாய் வைத்த நேர்குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ஆக்சிலரேட்டரில் காலை அழுத்தினால் புலி. காலை எடுத்தால் பட்டாசு.

வாசுவுக்கு அந்தச் சத்தம் ஏன் அவ்வளவு இனித்தது என்றால், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அத்தனை வருஷமும் காதை அடைத்துக்கொண்டு மிஷின் ஓரமாகவே நின்றவர் அவர். வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. கடைசி நாள் விருந்தில் வெட்டிய கேக்கில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. இப்போது அவர் வருவது அடுத்த தாமான் வீடுகளுக்கெல்லாம் தெரிகிறது. ஒரு மனிதன் ஆசைப்பட இது போதாதா?

போதும் என்று குணவதி நினைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நினைக்கவே முடியாமல் போயிற்று.

தெருமுனை முருகன் கோயிலில் சாயங்காலப் பூசை. திரை விலகி, குருக்கள் கற்பூரத் தட்டைத் தூக்கியிருந்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மனைவியைக் கூட்டிப் போக வந்த வாசு, கோயில் வாசலில் காலை எடுத்தார். குழாய் பட்பட்டென்று வெடித்தது. மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்திருந்தவர் அதை விட்டார். குருக்கள் கை ஆடி, எரிகிற கற்பூரம் தரையில் விழுந்தது. மகளிர் குழுத் தலைவி ரமணி பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் குணவதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவளால் சகிக்க முடியவில்லை. தன் சாமிக்கு முன்னால் தன் வீட்டுச் சத்தம்.

அவள் காரில் ஏறவில்லை. அர்ச்சனைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசு கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் மெதுவாக ஓட்டி வந்தார். மெதுவாக ஓட்டினால் அந்தக் குழாய்க்குக் கோபம் அதிகம். புடுபுடுவென்று உறுமிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது. வீடுகளில் இருந்தவர்கள் வெளியே வந்து ஊர்வலம் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குணவதி கத்தவில்லை. அவள் கத்துகிற ரகம் இல்லை. சாமி மேடைக்கு முன்னால் நின்று, படத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "முருகா, இந்தக் கொழாய் வீட்டை விட்டுப் போற வரைக்கும் நான் இந்த மனுசன்கூடப் பேசமாட்டேன். என்னா இருந்தாலும் ஒன்கிட்டயே சொல்லிக்கிறேன்."

அப்படியே செய்தாள்.

"முருகா, கோப்பி மேசை மேல இருக்கு. ஆறிப்போச்சுன்னா யாரும் என்னை ஏசக் கூடாது."

வாசு ஒரு வாய் குடித்தார். முடிவு உடைந்தது. அவரும் படத்தைப் பார்த்தார். "முருகா, சீனி பத்தல."

"முருகா, சீனியப் பத்தி டாக்டர் என்னா சொன்னாருன்னு கேட்டுச் சொல்லு."

"முருகா, டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். கரண்டி எங்கன்னு மட்டும் கேளு."

"முருகா, காடிக்கு மெழுகு வெச்சிருக்கிற எடம் மட்டும் நல்லாத் தெரியுது. கரண்டி இருக்கிற எடம் தெரியலையாம்."

நாள் முழுக்க இப்படித்தான். மின்சார பில் வந்தது முருகனுக்குத் தெரிவிக்கப்பட்டது. மகன் குகன் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டது முருகனுக்குத் தெரிவிக்கப்பட்டது. மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டதைக்கூட, சைவச் சாமி என்றும் பாராமல், வாசு முருகனிடமே முறையிட்டார். பக்கத்து வீட்டு ஷாஹிரா வேலியோரம் நின்று, உங்கள் வீட்டில் எந்நேரமும் கடவுளைக் கூப்பிடுகிறீர்கள், கேட்கவே மனசுக்கு நல்லா இருக்கிறது என்று மலாயில் பாராட்டினாள். வாசு சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தார்.

கோபத்துக்கு ஒரு குணம் உண்டு, கைக்கு வேலை கொடுக்கும். குணவதி கோபத்தில் குத்துவிளக்கைத் தேய்த்தாள். வாசு கோபத்தில் பானெட்டைத் தேய்த்தார். அந்த வாரம் அந்த வீட்டில் பளபளக்காத பொருள் இல்லை, இரண்டு முகங்களைத் தவிர.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலோரப் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் கார்ப் போட்டி இருந்தது. சத்தத்துக்கும் பளபளப்புக்கும் சேர்த்தே பரிசு. வாசு அதற்கு மூன்று வருஷமாகப் போகிறார். ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை. அங்கே வரும் பையன்களின் கார்களுக்குப் பக்கத்தில் இவர் கார், கல்யாண வீட்டில் விலாசம் தப்பி நுழைந்தவர் மாதிரி நிற்கும். இருந்தாலும் போவார். இந்த வருஷம் புதுக் குழாய் வேறு.

வியாழக்கிழமை விளக்கேற்றும் நேரம். குணவதி மேடையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வாசு போலிஷ் துணியும் கையுமாக உள்ளே வந்தார். அவருக்கு ஏற்கெனவே எரிச்சல், காரின் கதவில் பறவை எச்சம்.

"முருகா, நான் ஒன்கிட்ட வேற எதும் கேக்கல," என்றாள் குணவதி. "கழுத்துக்குக் கேக்கல, காதுக்குக் கேக்கல. அந்தக் கொழாய் போகணும். கோயில்ல தல நிமுந்து நிக்க முடியல."

வாசுவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வாரமாக மென்று விழுங்கியதெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படத்துக்கு நேராக வந்து நின்றார்.

"முருகா, அவகிட்ட சொல்லிடு. ஞாயித்துக்கெழம எனக்கு மொதல் பரிசு வாங்கிக் குடு. குடுத்தீன்னா, அந்தக் கொழாய என் கையாலயே கழட்டிக் கொண்டாந்து ஒன் சன்னதியில வெச்சிர்றேன். போதுமாலா?"

நடக்காத ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிட்டோம் என்று அவருக்குத் திருப்தி. குணவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கற்பூரத்தை ஏற்றினாள். மணியை அடித்தாள். தட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே வைத்தாள்.  வாசு பறவை எச்சத்தைத் துடைக்கப் போனார்.

அன்றிலிருந்து குணவதியின் முகம் தெளிந்துவிட்டது. மீன் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. போட்டிக்கு ஓட்டெல்லாம் இப்போது தொலைபேசியில்தான், எங்கிருந்தும் போடலாம். வாசு அதற்கான லிங்கை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, அப்பாவுக்கு மறக்காமல் ஓட்டுப் போடுங்கள் என்று எழுதினார். குகன் கட்டை விரலைக் காட்டினான். மகள் பிரமிளா சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினாள். குணவதி எதுவும் அனுப்பவில்லை. ஆனால் ஞாயிறு காலை சோறு கட்டிக் கொடுத்தாள், நெற்றியில் திருநீற்றை அழுத்தி வைத்தாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

"முருகா, போற காரியம் ஜெயிக்கணும்," என்றாள்.

இத்தனை கோபத்திலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான் என்று வாசு நெகிழ்ந்து போனார்.

பேரங்காடி வாசலில் சட்டைப் பையில் அட்டை தொங்கிய ஓர் இளைஞன் காரை மறித்து, அங்கிள், சாமான் வாங்க வந்தவங்க அந்தப் பக்கம் நிறுத்தணும் என்றான். வாசு காலை அழுத்தினார். இளைஞன் இரண்டடி பின்னால் போய், வழியைக் காட்டினான். வெகுநேரம் வாசுவுக்கு அந்தக் கோபம் இறங்கவில்லை. அங்கிளாம். வெயிலில் நின்று காரைத் துடைத்தார். யாரும் பக்கத்தில் வரவில்லை. வந்த ஒருவரும் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் பெரிய திரையில் ஓட்டுகளைக் காட்டினார்கள். வாசுவின் கார் கடைசி வரிசையில் இருந்தது. அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தால், நடுவில் இருந்தது. அப்பளத்தைக் கடித்துவிட்டு நிமிர்ந்தால், மேலே நாலைந்து கார்தான் பாக்கி. எண்கள் பெட்ரோல் நிலைய மீட்டர் மாதிரி ஓடின. தலையெல்லாம் ஜெல் பூசிய பையன்கள் திரையைப் பார்த்தார்கள், பிறகு சிவப்புச் சத்ரியாவைப் பார்த்தார்கள், பிறகு சோற்றுக் கையோடு நின்ற வாசுவைப் பார்த்தார்கள்.

அறிவிப்பாளர் ஐனா ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். முதல் பரிசு.

காலையில் மறித்த இளைஞன் ஓடி வந்து, பாஸ், ஒரு படம் எடுத்துக்கலாமா என்று கேட்டான். வாசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத எத்தனை பேர், எந்தெந்த ஊரிலிருந்தோ, தன் காரின் மினுக்கைப் பார்த்து மயங்கி ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு முறை எஞ்சினை முறுக்கிக் காட்டச் சொல்லிக் கூட்டம் கேட்டது. ஏறி உட்கார்ந்து காலை அழுத்தினார். புலி உறுமியது. கூட்டம் கை தட்டியது. இன்னும் அழுத்தினார். அந்த உறுமலுக்கு நடுவில், வியாழக்கிழமை மணி அடித்தது அவர் காதில் கேட்டது.

கால் தானாக மேலே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் குணவதி நின்றாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"ஜெயிச்சிட்டீங்களாமே. எப்பக் கழட்டறீங்க?"

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுலா, குணா. கோவத்துல வந்திருச்சு."

"என்கிட்டயா சொன்னீங்க? நான்தான் ஒங்ககூடப் பேசவே இல்லையே. அவர்கிட்ட சொன்னீங்க. வாபஸ் வாங்கறதுன்னா அவர்கிட்டயே போய் வாங்கிக்குங்க."

வாசு மேடைக்கு முன்னால் போய் நின்றார். பால்குடம் எடுக்கிறேன் என்று பேசிப் பார்த்தார். மொட்டை போடுகிறேன் என்றார். குழாயின் அரைப் பாகத்தை மட்டும் வெட்டித் தருவது பற்றிக்கூடப் பேச்சை எடுத்தார். படத்தில் முருகன் சிரித்த முகம் மாறாமல் இருந்தார். இத்தனை நாளும் குணவதிக்கு எல்லாப் பதிலையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர், இவருக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை காரை எடுக்கப் போனபோது சாவி கை தவறிக் கீழே விழுந்தது. வாசுவுக்கு அதுவே பதிலாகப் போதும்.

பட்டறை முதலாளித் தவுக்கே பழைய டப்பாவைத் திரும்ப மாட்டினார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, கடவுள் கேட்கிறார் என்று வாசு சொன்னார். தவுக்கே அதற்கு மேல் கேட்கவில்லை. கழற்றிய குழாயை வாசு வீட்டுக்குக் கொண்டு வந்து, சாமிக்குப் போகிற பொருளாயிற்றே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளும் புறமும் போலிஷ் போட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குருக்கள் குழாயைக் கையில் வாங்கி, எது தலை எது கால் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பார்க்கக் கொஞ்சம் லட்சணமாகத்தான் இருந்தது. அது வாசுவின் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

தீபாராதனை முடிந்து விபூதி வாங்கும்போது ரமணி பக்கத்தில் வந்தாள். பின்னாலேயே மகளிர் குழுவில் பாதிப் பேர்.

"முருகன் ஜெயிக்க வெச்சிட்டாருல்ல அண்ணே," என்றாள். "அக்கா லிங்க் அனுப்பி, வேண்டுதலயும் சொன்னதும் நாங்க யாரும் சும்மா இருக்கல. ஞாயித்துக்கெழம மத்தியானம் பிரசாதம் வாங்க வந்த அத்தன பேரு போனையும் வாங்கி, ஓட்டுப் போட்டதுக்கு அப்புறம்தான் சக்கரப் பொங்கலே குடுத்தோம். கெப்பாலா பத்தாஸ்ல என் சம்பந்தி வீட்டுல ஒரு கல்யாணம், அங்கயும் பந்தியில சொல்லிவிட்டோம்."

வாசு மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். குணவதி இரண்டு கையையும் கூப்பி, கண்ணை இறுக மூடி, இந்த உலகத்திலேயே இல்லாதவள் மாதிரி வேண்டிக்கொண்டிருந்தாள்.

போகட்டும், அத்தனை பேர் தன் காரைப் பார்த்திருக்கிறார்களே என்று வாசு மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் ரமணி விபூதியைப் பூசிக்கொண்டே, எதையோ கேட்க மறந்தவள் மாதிரித் திரும்பினாள்.

"ஆமா, ஒங்க காடி என்னா கலருண்ணே?"