வரவேற்புரைக்கு ஐம்பது மதிப்பெண்

மந்தைவெளி,
20 ஜூன் 1993,
ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்புத் தம்பி ரொனால்டுக்கு,

அக்கா வெரோனிகா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் மச்சான் காஸ்பர் முழங்காலைத் தவிர மற்ற இடங்களில் நலம். அரக்கோணத்தில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் ஒரு வரவேற்புரை உண்டு, அதை எழுதுவது தமிழ் டீச்சராகிய நான் என்பது உனக்குத் தெரியும். அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுப்போம், ஒரே பக்கம்தான். ஆனால் வருஷம் முழுக்க அடுத்தவர் எழுதியதைச் சிவப்பு மையால் சுழித்துப் பிழைக்கிற எனக்கு, நானாக எழுதுகிற பக்கம் அது ஒன்றுதான். அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பிடிப்பு. இந்த வருஷம் அது வரவில்லை. ‘வருக’ என்று எழுதினேன், அதற்கு மேல் பேனா நகரவில்லை. இன்னொரு ‘வருக’ போட்டேன். மூன்றாவதும் போட்டுவிட்டுப் பார்த்தால் கட்சி மாநாட்டுக்குச் சுவரில் எழுதியது போல இருந்தது, கிழித்துப் போட்டேன். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் தங்கபுஷ்பம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார், இல்லையென்றால் இனிமேல் அந்தப் பொறுப்பு ஸ்ரீரஞ்சனிக்கு என்றார். ஸ்ரீரஞ்சனி போன வருஷம்தான் சேர்ந்தவள், மயிலாப்பூர்ப் பெண், நல்ல பெண் என்றும் சொல்ல வேண்டும். அவள் ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சிரமப்படாதேங்கோ மிஸ். ஆத்துல அம்மாவுக்குக் காப்பி கலந்துண்டே நான் எழுதிண்டு வந்துடறேன்” என்றாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் மச்சான் பேனாவை மாற்றிப் பார் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று தெரிந்தும் பாண்டி பஜாருக்குப் போனேன். போனவள் அங்கே நிற்காமல் கூட்டத்தோடு கூட்டமாக ரங்கநாதன் தெருவுக்குள் தள்ளப்பட்டு, ஒரு இடியாப்ப உரலும் குக்கருக்கு ரப்பர் வளையமும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பேனா வாங்கவில்லை. புனித அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் தொலைந்த சாமான்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்பதால், போன வருஷம் காணாமல் போன மூக்குக் கண்ணாடிக் கூடு கிடைத்தது. உரை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷத்தில் என் கை தடங்கலில்லாமல் எழுதிப் பழகியது கேள்வித்தாள் மட்டும்தான். சரி, அப்படியே எழுதித் தொலைப்போம் என்று ஆரம்பித்தேன். ‘கோடிட்ட இடத்தை நிரப்புக: இன்று காலை பள்ளி வாசலில் அழுதவர் ______ (அம்மா, அப்பா, நான்).’ ‘சரியா தவறா: பெரிய வகுப்பு அக்காமார் கடிப்பார்கள்.’ ‘பொருத்துக’ என்று போட்டு ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், சிஸ்டர் என்றும் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடி, எல்லா இடத்திலும் என்றும் எழுதினேன். கடைசியாக, ‘இந்தப் பள்ளியில் உனக்கு யாரைத் தெரியும்?’ முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, ஒரு அடித்தல் கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளைகள் இதை வாசித்துச் சிரிப்பார்கள், சிரித்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன்.

அதை ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுக்க ஆபீஸில் உமர் ஃபாரூக்கிடம் கொடுத்தேன். அவர் கேள்வித்தாள்களாகவே அச்சடித்துப் பழகிய மனிதர். என்ன ஏது என்று கேட்காமல் பழக்க தோஷத்தில் தலைப்பில் ‘நேரம்: ஒரு மணி, மதிப்பெண்கள்: 50’ என்று சேர்த்து, கேள்வி வெளியாகிவிடக் கூடாதென்று உறையில் போட்டு அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார். திங்கட்கிழமை நான் வாசலில் பெற்றோர்களைச் சமாளித்துக்கொண்டிருக்க, வகுப்புக்குப் போன ஸ்ரீரஞ்சனி முத்திரையைப் பார்த்துப் பதறி, பிள்ளைகளை பெஞ்சுக்கு ஒருத்தியாக உட்கார வைத்து, பைகளைப் பிடுங்கி வெளியே வைத்து, தாளைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சிரிக்க வேண்டிய கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைகள் கண்ணீர் விட்டுக்கொண்டு விடை எழுதின. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெற்றோர்களுக்கு விஷயம் எட்டியது. மந்தைவெளி மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கும் குலாம் முகம்மது நேரே என்னிடம் வந்து, “இன்னா டீச்சர், சீட்டும் குட்த்துட்டு, பீசும் வாங்கிக்கினு, இப்போ பரிட்சை வெக்கிறீங்கோ? பெயிலானா துட்டு வாபஸ் கீதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஜன்னல் வழியாக ஒரு தாள் வெளியே போயிருக்கிறது. புதன்கிழமை உன் மச்சான் ஆபீஸ் விட்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கமாக வரும்போது மேற்கு மாம்பலத்தில் ராமானுஜம் சார் நடத்தும் டுடோரியல் வாசலில் ஒரு கரும்பலகையைப் பார்த்திருக்கிறார். எங்கள் பள்ளியில் இல்லவே இல்லாத நுழைவுத் தேர்வுக்கு அங்கே தனிப் பயிற்சியாம், மாதிரி வினாத்தாள் கிடைக்குமாம். பிள்ளைகளை அடித்துப் பழுக்க வைக்கும் இந்த டுடோரியல் வியாபாரத்தை நான் என்ன சொல்லித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும், ஆகவே திரும்ப எழுதவில்லை.

வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் சிஸ்டர் அறைக்குப் போனேன். அவர் மேஜையில் அடுத்த வருஷத்துக்கான விண்ணப்பங்கள் அடுக்கியிருந்தன. “சேர்ந்த பிறகும் பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடம்னு நமக்கு நல்ல பேர் வந்திருக்கு, வெரோனிகா. வருஷா வருஷம் நீங்களே கேள்வித்தாள் எடுத்திருங்க, சேர்க்கிறதுக்கு முன்னாடியே வச்சிருவோம். வரவேற்புரை ஸ்ரீரஞ்சனி எழுதட்டும்” என்றார். ஆக, என் ஒரு பக்கம் என் கையை விட்டுப் போனது. வலித்தது, ரொனால்ட். அதைப் பெரிதுபடுத்த நான் சின்னப் பெண்ணில்லை, ஆனாலும் வலித்தது.

வியாழக்கிழமை அந்தத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன், கையில் கிடைத்தால் திருத்தாமல் இருக்க முடியாதே. கடைசிக் கேள்வியை எல்லாப் பிள்ளைகளும் விட்டிருந்தார்கள், குலாம் முகம்மதின் மகள் வஜீஹாவைத் தவிர. அவள் எழுதியிருந்தாள்: ‘இந்தக் கேள்வியை எழுதின டீச்சரைத் தெரியும். நல்லவங்க போல இருக்கு. யார் என்று தெரியவில்லை.’ அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். மறுநாள் ஆறாம் வகுப்புக்குப் போய், அதை எழுதியது நான்தான் என்றேன். வஜீஹா எழுந்து நின்று, “நான் பாஸா டீச்சர்?” என்று கேட்டாள். பாஸ் என்றேன். அதன்பிறகுதான் வகுப்பு முதல்முதலாகச் சிரித்தது.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். வீட்டில் மாலை செபம் தவறாமல் நடக்கிறதா? மாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். உன் மச்சான், முழங்கால் உட்பட, விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்பு அக்கா,
வெரோனிகா

பி.கு: அடுத்த ஜூனில் கரோலை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சொந்த அண்ணன் தம்பி பிள்ளையானாலும் நுழைவுத் தேர்வில் நான் சலுகை காட்ட மாட்டேன். ஆகவே அவளுக்கு ராமானுஜம் சார் டுடோரியலில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை காலை ரயிலில் அழைத்து வா. அங்கே இனிமேல் சனிக்கிழமை வகுப்பை எடுப்பது நான்தான். கரோலிடம் மட்டும் சொல்லிவை, வகுப்பில் என்னை அத்தை என்று கூப்பிட வேண்டாம்.