எலக்ட்ரான்கள் ஓடாத கல்லூரி

வல்லரசு நாடுகளின் விஞ்ஞானிகளுக்கே அடங்காத எலக்ட்ரான்களை, ஆலங்குடி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி ஒரே ஆயுத பூஜையில் அடக்கியது. வரலாறு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கல்லூரியில் அணுக்கரு இணைவு ஆய்வுக்கான ஒரு சிறிய டோகமாக் இருந்தது. வளையம் போன்ற எஃகுக் கலம். உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, துளி வாயுவைச் செலுத்தி, லட்சக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றி, அப்போது உருவாகும் பிளாஸ்மாவைக் காந்தத்தால் கட்டிவைப்பார்கள். அது சட்டென்று குளிர்ந்தால் சில எலக்ட்ரான்கள் தறிகெட்டு ஓடும். ஓட ஓட அவற்றைத் தடுக்க ஆளிருக்காது. நிற்பவற்றையும் இடித்துக் கிளப்பிக்கொண்டு போய்க் கலத்தின் சுவரையே துளைக்கும்.

அந்த ஓட்டத்தை அளப்பதுதான் விசாலியின் முனைவர் பட்ட ஆய்வு. கடைசி அளவீடு மட்டும் பாக்கி. பத்து நாளில் தராவிட்டால் பதிவு ரத்து.

பூஜை விடுமுறைக்குப் பொன்னமராவதி போய்த் திரும்பியவள் கண்ணாடிச் சன்னல் வழியே கலத்துக்குள் பார்த்தாள். ஆய்வக உதவியாளர் மலையாண்டி இருபத்து நான்கு போல்ட்டையும் கழற்றி, உட்சுவர் முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி தூவி, பொறுப்பாக மூடியிருந்தார்.

"வெளிய வச்சா எப்படி மேடம்? வேல நடக்குறது உள்ளாறதான?"

சந்தனத்தின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், பம்ப் இரண்டு நாள் ஓடியும் வெற்றிடம் வரவில்லை. பிளாஸ்மா பற்றவில்லை. ஓடும் எலக்ட்ரான்களை எண்ணும் கருவி பூஜ்யம் காட்டியது.

பூஜ்யத்தைக் கேள்விப்பட்ட தாளாளர் அண்ணாமலை உடனே 'உயர்மட்டக் குழு' அமைத்தார். ஓட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உடற்கல்வி ஆசிரியர் அதற்குத் தலைவர். கலத்தைத் துடைக்க அனுமதி கேட்டு விசாலி குழுவின் முன் நின்றாள். பிளாஸ்மாவே வராததால்தான் எலக்ட்ரான் ஓடவில்லை என்று மூன்று முறை விளக்கினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. ஓடுச்சா, ஓடலையா?" என்றார் தாளாளர்.

"ஓடல சார்."

"எழுதிக்கங்க. சரி, தொடச்சா மறுபடி ஓடுமா?"

"ஓடும் சார். அதான் எனக்கு வேணும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் மட்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று முணுமுணுத்தார்.

அனுமதி மறுக்கப்பட்டது. தரச்சான்றுக் குழு வந்து, இளநீர் குடித்து, 'நூறு சதவீதக் கட்டுப்பாடு' என்று முதல் தரம் வழங்கியது. பதினோராம் நாள் விசாலியின் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, பதிவு ரத்து. மற்றொன்று மெமோ: அடங்கியிருந்த எலக்ட்ரான்களை ஓடத் தூண்டியதற்கு விளக்கம் தரவும்.

மெமோவின் பின்பக்கத்திலேயே அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள்: "இங்கே எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது என்ற விதி, நான் சேரும்போது தந்த கையேட்டில் இல்லை."