பெரிய உறைக்குள் சின்ன ரிவால்வர்

மரியாதைக்குரிய மச்சான் ஆர்வில் அவர்களுக்கு,

இங்கே பசுக்கள், நாய், உங்கள் தங்கை நோரீன் எல்லோரும் சௌக்கியம். நான்தான் சௌக்கியமில்லை. நேற்றிலிருந்து நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. வயோமிங் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து போக ஒரே ஓர் இடம். கடைசிச் சுற்றில் நானும் நோரீனும்தான். அது என் கையை விட்டே போய்விட்டது, மச்சான்!

நீங்கள்தானே, "ஆம்பளைன்னா பெரிய ஃப்ரேம் துப்பாக்கி, நாப்பத்தஞ்சு காலிபர் தோட்டா. மத்ததெல்லாம் பொம்மை" என்று சொல்லி அந்த ரிவால்வரையும் அதற்கேற்ற தோலுறையையும் பரிசாகக் கொடுத்தீர்கள்? நானும் ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தேன். நோரீன் சின்ன ஃப்ரேமில் முப்பத்தெட்டு வாங்கியபோது விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டுமே! நேற்றுக் காலை மூட்டுவாதத்தில் விரல் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. அந்தப் பெரிய சனியனுக்கு எட்டவே இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று, நோரீன் உபரியாக வைத்திருந்த இன்னொரு முப்பத்தெட்டை எடுத்து என் பெரிய உறைக்குள் செருகிக்கொண்டேன்.

எங்கள் கிளப்பில்தான் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டே. தோட்டா போட்டுக்கொண்டு சுடுமிடத்துக்கு நடந்தேன். "வாராருடா இடிமுழக்கம் ஹார்லன்!" என்று கத்தினார்கள். சும்மா இருந்திருக்கலாம். தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். தொப்பென்று மண்ணில் விழுந்தது ரிவால்வர்! அய்யய்யோ! வழக்கப்படி ஐந்து அறையில்தான் தோட்டா, சுத்தியலுக்கு அடியில் உள்ள ஆறாவது காலி, அதனால் உயிர் தப்பியது. மானம் தப்பவில்லை. தோட்டாவோடு கீழே போட்டவன் போட்டியை விட்டே வெளியே! நடுவர் கிளீட்டஸ் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்பா இடிமுழக்கம், இது உன் பொண்டாட்டியோடதாச்சே?"

நோரீன் வேறு, "கேட்டிருந்தா உறையையும் சேத்தே குடுத்திருப்பேனேய்யா!" என்றாள். கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்து அவள் போய் ஐந்துக்கு ஐந்தும் அடித்து இடத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இனி அந்தப் பொம்மையைத் தொடவே மாட்டேன், சத்தியம். அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுக்கும்படி உங்கள் தங்கைக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள். உங்கள் மனைவி டெல்லாவுக்கும் குதிரைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்களையாவது காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலைகாட்ட முடியாத
ஹார்லன்

பி.கு.: சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் முப்பத்தெட்டைச் சுட்டுப் பார்த்தேன். விரல் எட்டுகிறது, மச்சான்! ஐந்தும் தகரத்தில்! உங்கள் ஊர்த் தோல்காரரிடம் சின்ன ஃப்ரேமுக்கு ஓர் உறை சொல்லிவையுங்கள். யாராவது கேட்டால் நோரீனுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

அண்ணா, கவர் ஒட்டுறது நான்தான். அந்த உறை மேல 'இடிமுழக்கம்'னு பெருசாப் போடச் சொல்லு. நீ குடுத்த நாப்பத்தஞ்ச நான் எடுத்துக்கிட்டேன். என் விரலுக்கு அது நல்லாவே எட்டுது. — நோரீன்