நங்கூரம் போட்ட லாரி

மோட்டார் வண்டி கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, தார் ரோட்டைக் கெட்ட சகவாசம் என்று ஒதுக்கி வைத்த லாரி முதலாளி உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ராமநாதபுரத்தில் இருந்தார். டிஸ்போசல் பாய் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது. அதை வாசித்தவர்கள் நானும் பிரேக் இன்ஸ்பெக்டரும் மட்டும்தான்.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்கு வேண்டாத வண்டிகளை ஏலத்தில் விட்டார்கள். அதற்குத்தான் டிஸ்போசல் என்று பெயர். பாயின் குடும்பம் புதுமடம் பக்கம். தலைமுறை தலைமுறையாகச் சிலோனுக்குத் தோணி விட்டவர்கள். தோணிக்குப் புதுப் பாய்மரம் வாங்கி வரச் சொல்லி வாப்பா அனுப்பினார். மகன் ஒரு மிலிட்டரி லாரியோடு திரும்பினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். கதவு எந்தப் பக்கமும் இல்லை. வாப்பா அதை மூன்று முறை சுற்றி வந்தாராம்.

"இது மிதக்குமாடா?"

"மிதக்காது வாப்பா."

"அப்பறம் எதுக்கு வாங்கிக்கிட்டு வந்தே?"

"முங்காதுல்ல வாப்பா."

அன்றோடு அந்த வீட்டில் அப்பனும் மகனும் தொழிலைப் பற்றிப் பேசுவது நின்றது.

நான் அப்போது மோட்டார் வண்டி ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. இண்டர்மீடியட் பாஸ் செய்தவன் என்ற கர்வம் உண்டு. உத்தியோகம் நிரந்தரம் ஆகவில்லை என்ற பயமும் உண்டு. "இவர்மீது குறை ஏதும் இல்லை" என்று மேலதிகாரி ஒரு வரி எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதுதான். ஊரில் என் சம்பளத்தை எதிர்பார்த்து ஐந்து பேர் இருந்தார்கள். எனவே மோட்டார் சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்தேன். பிற்காலத்தில் நான் தூக்கத்திலும் பிரிவு எண் சொல்வதாக என் மனைவி புகார் செய்தாள். அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் எங்கள் ஆபீசுக்கு எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் டிஸ்போசல் வண்டிக்காரர்கள் கூடுவார்கள். வியாபாரம் பேசுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எவன் வண்டி எந்த மணலில் புதைந்தது, எவன் எப்படிக் கிளப்பினான் என்பதுதான் பேச்சு. பாயின் பரம எதிரியும் ஆருயிர் நண்பரும் ஒருவரே. தொண்டியிலிருந்து கருவாடு ஏற்றி வரும் அவரை எல்லோரும் வின்ச்சு என்பார்கள். அவருடைய லாரியின் மூக்கில், இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கிற வின்ச்சு என்ற எந்திரம் இருந்தது. வண்டி புதைந்தால் வடத்தை ஒரு மரத்தில் கட்டி எந்திரத்தைச் சுழற்றுவார். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும்.

பாய்க்கு எந்திரத்தில் நம்பிக்கை இல்லை. சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிடுவது, ஓலையோடு வெட்டிய பனைமட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் பரப்புவது, பிஸ்மி சொல்லி ஏறுவது. இவ்வளவுதான் அவர் வித்தை. அவர் வண்டியில் ஏற டிக்கெட் கிடையாது. ஏறுகிறவர் ஆளுக்கு இரண்டு பனைமட்டை கொண்டுவர வேண்டும். இறங்குகிறவர் காற்றுப் பம்பில் ஆளுக்கு நூறு அடி அடித்துவிட்டுப் போக வேண்டும். மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன புது மாப்பிள்ளைகூடப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூறு அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வாய்ச்சண்டை முற்றித் திருப்புல்லாணிக்குத் தெற்கே மணல்மேட்டில் போட்டி வைத்தார்கள். இரண்டு வண்டியும் புதைந்தன. வின்ச்சு தன் வடத்தை ஒரு பனையில் கட்டி எந்திரத்தை முடுக்கினார். லாரி பனையிடம் போகவில்லை. பனை லாரியிடம் வந்தது. பாய் மட்டையைப் பரப்பி ஏறிப் போய், மேலே நின்று கத்தினார்: "என்னாப்பா வின்ச்சு! விறகு ஏத்துறதுக்கா வந்தே?"

"ஏலே, ஒன் மட்டையும் அந்த மரத்துல வெட்டுனதுதான்லே!" என்றார் வின்ச்சு. பிறகு மரத்துக்குச் சொந்தக்காரர் அரிவாளோடு வந்ததால் போட்டியின் முடிவு அறிவிக்கப்படவில்லை.

பழுது பார்ப்பதில் பாய்க்கு ஒரு கொள்கை உண்டு. மளிகைக் கடையில் கிடைக்காத சாமான் லாரிக்குத் தேவையே இல்லை. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடி. பிரேக் ஆயில் தீர்ந்தால் விளக்கெண்ணெய். காற்றாடியைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் மட்டும் கடைக்குப் பதிலாகக் கடற்கரைக்குப் போய் வலைக்கயிறு வாங்கிப் பின்னிப் போடுவார். என்ஜின் சூடானால் தெருவே ரசம் கொதிக்கிற மாதிரி மணக்கும்.

இப்படிப்பட்ட வண்டி வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் வாங்க எங்கள் ஆபீசுக்கு வரும். அந்த வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர் புதியவர். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, "ஹாண்ட் பிரேக்கைப் போடு" என்றார். பாய் இருக்கைக்குக் கீழே குனிந்து, தோணியில் போடுகிற நாலு கொக்கி நங்கூரத்தைக் கயிற்றோடு தூக்கி வெளியே எறிந்தார். அது மண்ணைக் கவ்வியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இன்ஸ்பெக்டரின் சைக்கிளைக் கவ்வியது. லாரி நின்றது உண்மைதான். ஆனால் சைக்கிளோடு ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் நின்றது.

"இது என்னய்யா?"

"பிரேக்குங்க சார்."

"நங்கூரம்யா இது!"

"வண்டி நின்னுச்சா இல்லையா சார்?"

எஃப்.சி. மறுக்கப்பட்டது. மறு உத்தரவு வரும்வரை மேற்படி லாரியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்று மெமோ எழுதியவன் நான். அழகான மெமோ. பிரிவு, உட்பிரிவு எல்லாம் இருந்தது. பாய் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பொதுச் சாலைல ஓட்டக் கூடாது. அம்புட்டுத்தானே சார்?"

"அவ்வளவுதான் பாய்."

"நல்லதாப் போச்சு. தார் ரோட்டுல எவனும் ஓட்டுவான். அதுல வண்டிதான் ஓடுது, மனுசன் சும்மாதானே ஒக்காந்துருக்கான்."

அன்றிலிருந்து அவர் வண்டி ரோட்டில் ஓடவே இல்லை. கடலோரமாகவே ஓடியது. கருவாடு, தேங்காய், கோரைப்பாய், விறகு எல்லாம் மணல் வழியே போய்ச் சேர்ந்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ரோட்டைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அங்கே வந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி லாரியை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார். ரோட்டைத் தாண்டியதும் மாட்டை அவிழ்த்துவிட்டு என்ஜினைக் கிளப்புவார். "மாடு இழுத்தா அது மாட்டு வண்டிதானே சார்?" என்று என்னையே கேட்டார். நான் சட்டப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன். பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதல் பொதுத் தேர்தல் வந்தது. ஓட்டுப் பெட்டி கொண்டுபோக லாரிகளின் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் தயாரித்தவன் நான். எஃப்.சி. இல்லாத வண்டியை எப்படிச் சேர்ப்பேன்? பாயின் லாரியை விட்டுவிட்டேன். எனக்கு வாய்த்தது புதுமடத்துக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்துச் சாவடி. சாவடித் தலைவர் ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். நான் அவருக்கு உதவி. காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். வண்டி மதுரையிலிருந்து வந்த புத்தம்புதிய வேன். எஃப்.சி. மட்டுமல்ல, பூமாலையும் போட்டிருந்தது.

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாள் காலையில் கிளம்பினோம். ரோடு முடிந்து மணல் ஆரம்பித்த இடத்திலிருந்து இருநூறு கஜத்தில் வேன் உட்கார்ந்தது. மதுரை டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது இன்னும் வசதியாக உட்கார்ந்தது. பின் சக்கரம் முழுக்க மறைந்ததும் டிரைவர் இறங்கி, "சார், இனிமே இது வண்டி இல்ல, கட்டடம்" என்றார்.

குப்பம் இன்னும் ஆறு மைல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்த காலம் அது. எங்களிடம் இரும்புப் பெட்டிகள் ஒரு குவியல். அந்தப் பக்கத்து மாட்டு வண்டிகளை எல்லாம் முன்பே வேறு சாவடிகளுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அங்கே ஓட்டுப்பதிவு தொடங்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். விளக்கம் கேட்பார்கள். "ஏன் மணலில் போகிற வண்டியைப் பட்டியலில் சேர்க்கவில்லை?" என்பது முதல் கேள்வி. நிரந்தரம் என்ற சொல்லை நான் மறந்துவிட வேண்டியதுதான். தலைமையாசிரியர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ரசம் மணத்தது.

பாய் தேங்காய் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தார். வேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேலி பேசி என்னைச் சங்கடப்படுத்தவில்லை, சிரித்தும் சங்கடப்படுத்தவில்லை. வெறும் காலோடு இறங்கி, குதிகாலால் மணலை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"காத்த எறக்கியிருக்கலாமே, டிரைவர் தம்பி?"

"புது டயருங்க பாய். மனசு வரல."

பாய் என் பக்கம் திரும்பினார். "கிளார்க்கு சார், ஒங்க மெமோ எங்கிட்ட பத்திரமா இருக்கு. அங்கன வரைக்கும் போறதுல பொதுச் சாலை எதுவும் வருதா?"

நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையோடு நான் எதையும் பார்த்ததில்லை. "ஒன்றுகூட இல்லை பாய்."

"அப்ப ஏறுங்க. ஆளுக்கு ரெண்டு மட்டை."

"நான் சாவடித் தலைவர்!" என்றார் தலைமையாசிரியர்.

"அதான் சார் ரெண்டு. சாதாரண ஆளா இருந்தா நாலு கேட்ருப்பேன்."

பனங்காட்டில் கான்ஸ்டபிள் மட்டை வெட்டினார். பெட்டிகளை ஏற்றினோம். அந்த ஆறு மைலில் ஐந்து இடத்தில் சக்கரம் சுழன்று நின்றது. நின்றபோதெல்லாம் நாங்கள் குதித்து, பின்னால் கிடக்கிற மட்டையைப் பொறுக்கிக்கொண்டு ஓடி, முன்னால் போட வேண்டும். மட்டையின் கருக்கு கையை அறுத்தது. தலைமையாசிரியர் முதல் தடவை கோட்டோடு ஓடினார், இரண்டாம் தடவை கோட்டைக் கழற்றினார், மூன்றாம் தடவை, "ஏன்யா குமாஸ்தா, என்ன வேடிக்கை? அந்தப் பக்கம் போடுய்யா!" என்று என்னை விரட்டினார். ஐந்தாம் தடவை பாய், "சார்வாளுக்கு வாத்தியார் வேல வேண்டாம், எங்கூட வந்துருங்க" என்றார். தலைமையாசிரியர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வெயில் இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை குறித்த நேரத்தில் ஓட்டுப்பதிவு தொடங்கியது. குப்பத்துப் பெண்கள் மணலில் வரிசையாக நின்றார்கள். மாலையில் பெட்டிகளைப் பாயின் லாரி ரோடு வரைக்கும் கொண்டுவந்தது. அங்கே மதுரை வேனைத் தோண்டி எடுத்து நிறுத்தியிருந்தார்கள். மாற்றிக்கொண்டோம். இறங்கியதும் தலைமையாசிரியர் யாரும் சொல்லாமலே பம்பைத் தேடினார். பாய் தடுத்தார். "எனக்கு எதுக்கு சார் காத்து? நான் ரோட்டுக்கே போகலையே."

இது இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் நாட்டில் மொட்டைப் பெட்டிஷன் எழுதுகிறவர்களுக்கு ஓய்வே கிடையாது. எஃப்.சி. மறுக்கப்பட்ட லாரியில், அதை மறுத்த ஆபீசின் குமாஸ்தாவே ஓட்டுப் பெட்டியோடு சவாரி செய்தார் என்று யாரோ எழுதிப் போட்டார்கள். விசாரணை வந்தது. நான் பொதுச் சாலை வாதத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். விசாரித்த அதிகாரி அதைத் தொடவே இல்லை.

"சரக்கு லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, தெரியுமா?"

தெரியும். மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் எனக்கு மறந்துபோன ஒரே விதி அதுதான்.

"வண்டியைக் கூப்பிட்டது யார்? இவரா?" என்று என்னைக் காட்டி, அங்கே வரவழைக்கப்பட்டிருந்த பாயைக் கேட்டார்.

பாய் என்னைப் பார்க்கவே இல்லை. "இவரு எங்க சார் கூப்ட்டாரு? நாந்தேன் பெட்டிகள தூக்கி வண்டில போட்டேன். இவரு விதி இருக்கு, பிரிவு இருக்கு, எறக்குயான்னு ஆறு மைலும் கத்திக்கிட்டே வந்தாரு. பெட்டியத் தனியா விடக் கூடாதுல்ல? அதான் பின்னாலேயே ஏறிட்டாரு. காது வலிச்சுப் போச்சு சார் எனக்கு."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படிக் கத்தக்கூடிய ஆள்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்மீது குறை இல்லை என்று எழுதினார். பாய்க்கு, இன்னும் ஆறு மாதத்துக்கு எஃப்.சி. விண்ணப்பத்தையே ஏற்கக் கூடாது என்று எழுதினார். அந்த உத்தரவையும் நான்தான் நகல் எடுத்தேன். என் கையெழுத்து அவ்வளவு மோசமாக அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை.

வேப்ப மரத்தடிக்கு ஓடினேன். மாட்டைப் பூட்டி அதுவரை இழுத்து வந்திருந்த லாரிக்கு அடியில் பாய் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு ஆறு மாசம் போச்சே!"

கால் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வண்டிக்கு ரோடு போச்சுன்னா மணலு கெடக்கு சார். ஒங்களுக்கு ஆபீசு போச்சுன்னா எங்கன போவீக?"

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் நான் எங்கும் போகவில்லை, பாய். அந்த ஆபீசிலேயேதான் இருந்தேன்.