கரகரப்பைக் கைப்பற்றிய காதை

வாழ்க கண்ணாடிக் கடைக்காரர்! ஊரார் மூக்கின்மேல் நாளெல்லாம் தெளிவை ஏற்றிவைக்கும் வள்ளல், மங்கிக் கிடந்த உலகை வில்லை இரண்டால் விளக்கிக் காட்டும் வித்தகர், தும்பும் தூசும் கண்டால் துணியெடுத்துப் பாயும் தூய்மைப் பெருமறவர். அத்தகையவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அழுக்கைத் தேடிப் போருக்குப் புறப்பட்ட கதையை, நாவே, சிரிக்காமல் சொல்!

அழுக்கு என்றால் ஒலியின் அழுக்கு. பாடகியாகிய அவர் தங்கை, ப்ளூஸ் என்னும் மேல்நாட்டுச் சோக இசையில் தன் முதல் பாட்டைப் பதிவு செய்து முடித்திருந்தாள். நடுவில் அரை நிமிடம் மட்டும் அண்ணனின் மவுத் ஆர்கனுக்காக வெறுமையாய்க் காத்துக் கிடந்தது. அங்கே தேனொழுகும் நாதம் ஆகாது. தொண்டை கட்டிய பழைய ஒலிபெருக்கியின் கரகரப்புதான் வேண்டும். இது தொடர்பான ஆணையோலை கைபேசி வழியே வந்திறங்கியது:

“அண்ணா, ஆறு மணிக்குள்ள அனுப்பிடு. இல்லன்னா கீபோர்டுலயே மவுத் ஆர்கன் சத்தம் வெச்சுக்கலாம்னு ஸ்டுடியோவுல சொல்றாங்க.”

கீபோர்டிலா! கடையடைத்த பொழுதெல்லாம் ஊதி ஊதி உதடு தேய்ந்த வீரனுக்கு ஈடாக ஒரு பொத்தானா! மீசை துடித்தது, மூக்குக்கண்ணாடி மூச்சில் பனித்தது, கூடம் அதிர ஒரு சபதம் எழுந்தது: “கரகரப்பு வர்ற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்!” அப்போதுதான் வயிறு புடைக்கச் சாப்பிட்டு எழுந்திருந்தார் என்பதால், வீட்டில் யாரும் பதறவில்லை.

முதற்போரில் எதிர்நின்றது பதிவு மைக். ஊசி விழுந்தாலும் உள்ளபடியே உரைக்கும் அந்தச் சத்தியசந்தன் முன் நின்று, நரம்பு புடைக்க, கண் சிவக்க, பின்வாங்கேன் என்று ஊதித் தீர்த்தார் நம் தலைவர். போட்டுக் கேட்டால், துவைத்து மடித்த துணிபோல் அத்தனை சுத்தம். வாழ்வில் முதன்முறையாகச் சுத்தத்தைக் கண்டு வெட்கப்பட்டார்.

இரண்டாம் போருக்குப் பேராயுதம் வெளிவந்தது. டாக்ஸி நிலையமொன்று கழித்துப் போட்ட, உருளைக்கிழங்களவே ஆன பழைய மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரு கைக்குள் ஏந்தி, வயரின் மறுமுனையைச் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயரில் செருகி, அதன் வாயெதிரே பதிவு மைக்கை நிறுத்தி, ஒலிக்குமிழைக் கடைசிவரை திருகினார். அந்தோ! ஆம்ப்ளிஃபயர் கக்கியதைக் கைமைக் விழுங்க, விழுங்கியதை ஆம்ப்ளிஃபயர் இன்னும் பெரிதாய்க் கக்க, ஊழிக்காற்றென எழுந்தான் ஊளையெனும் அரக்கன்! சன்னல் நடுங்கிற்று. அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. மேல்வீட்டார் துடைப்பக் கட்டையால் தரையை இடித்துப் போர்முரசு முழக்கினார்கள்.

பகைவர் இருவரையும் பிரித்தாளத் துணிந்தார் தலைவர். ஆம்ப்ளிஃபயரும் பதிவு மைக்கும் துணி அலமாரிக்குள் கம்பளிகளின் நடுவே சிறைவைக்கப்பட்டன; தாமோ கைமைக்கோடு குளியலறைக்குள் புகுந்து, கதவடியில் வயரை நீட்டி, தாழிட்டுக்கொண்டார். அரக்கன் மாண்டான். ஆனால் எட்டு முறை ஊதியும், பதிவில் கேட்டது சளிபிடித்த கொசுவின் புலம்பல்தான். மணி ஐந்து நாற்பது. கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்தார் வீரர். தங்கையின் முதல் பாட்டில் தன் மூச்சும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அது நடக்காது என்று நினைத்தபோது அழுகை வரும்போல் இருந்தது.

அவ்வேளை கதவுக்கு வெளியே எழுந்தருளினாள் மனையாள். நீர்வாரியத்தின் கசிவறி செவியாள்! தெருத்தெருவாய் நடந்து, இரும்புக் கோலைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே அழுகிறது என்று சொல்லும் நிலமகளின் மருத்துவச்சி! (அவள் வீட்டுக் குளியலறைக் குழாய் மூன்று மாதமாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.) அவள் கதவில் காதை வைத்தாள்.

“இன்னொரு தடவ ஊதுங்க… காத்து கசியுதுங்க. சுண்டு விரல் பக்கம்.”

“அதெல்லாம் இல்ல. ஆம்ப்ளிஃபயர்தான் சரியில்ல.”

“ஊர்க் குழாயெல்லாம் கேட்ட காது இது. கதவத் திறங்க, கையக் காட்டுங்க.”

தாழ் திறந்தது, உண்மையும் திறந்தது. இருபது ஆண்டுகளாய் வில்லையின் விளிம்பை மட்டுமே தொட்டுப் பழகிய விரல்கள், ரேகை பட்டுவிடுமே என்று அஞ்சி, மைக்கையும் மவுத் ஆர்கனையும் விளிம்பிலேயே பிடித்திருந்தன. உள்ளங்கை எங்கும் படவில்லை. ஒரு படையே அணிவகுத்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி!

“அழுக்கானா ஆகட்டும், நல்லாப் பொத்துங்க,” என்று முழங்கி, வாஷ்பேசினுக்கும் வாளிக்கும் நடுவே தன்னை நுழைத்துக்கொண்டு, கணவன் கைகளின்மேல் தன் கைகளை இறுக்கி மூடினாள் செவியாள். நான்கு கைகளும் ஒரு கோட்டையாயின. காற்றுக்கு வழியில்லை. தலைவர் ஊதினார்.

எழுந்தது பார் கரகரப்பு! துருவும் புகையும் தார்ச்சாலைத் தூசும் சேர்ந்து பாடுவதுபோல், அலமாரிக் கதவு அதிர, கம்பளிகள் சிலிர்க்க, அரை நிமிடம் முழுவதும் முழங்கிற்று. மனையாளுக்குச் சிரிப்பு பொங்கியது. ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை. ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பதிவு பறந்தது. ஆறு பத்துக்கு வெற்றித் திருமுகம் வந்தது:

“அண்ணா, செம! இதேதான் வேணும்! நீ ஊத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டொக்கு டொக்குன்னு ஒன்னு தாளத்துக்குச் சரியா விழுதே, யாரு வாசிச்சது? அதையும் பாட்டுல வெச்சுக்கறோம்.”

கணவர் மனையாளைப் பார்த்தார். மனையாள் குழாயைப் பார்த்தாள். வாழ்க வில்லை துடைத்த விரலோன்! வாழ்க கசிவறி செவியாள்! வாழ்க, மூன்று திங்கள் ஓயாது தாளமிட்டுப் பாட்டேறி அழியாப் புகழ் எய்திய அந்தச் சொட்டு!

ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடை இல்லை என்பதால், குழாய்க்கு வாஷரைத் திங்கட்கிழமை மாற்றினார்கள்.