பன்னிரண்டு பழைய பெட்டிகள்

"பன்னிரண்டு," என்றாள் திலகா.

"நேத்து எத்தன?"

"நேத்தும் பன்னிரண்டுதான் பாஸ். குட்டி போடுற சாமானா இருந்தா கூடியிருக்கும்."

முதலாளி காந்தன் கண்ணாடி அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். புக்கிட் பெருவாங் கடைவரிசையில் வீடியோ கேம் சாமான் விற்கும் கடை அவருடையது. புதிய தலைமுறை கேம் பெட்டி அடுத்த மாதம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பழைய பெட்டியை ஒருவரும் சீண்டவில்லை.

"இங்க பாரு திலகா. புதுசு வந்து எறங்குற அன்னிக்குப் பன்னிரண்டும் கடைய விட்டுப் போயிருக்கணும். போச்சுன்னா ஒன்னைய நிரந்தரமாக்கி லெட்டர் தர்றேன். இல்லாட்டி வேற எடம் பாத்துக்க. டிகிரி படிச்ச பிள்ளதானே நீ?"

திலகாவின் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாங்கிய நாளிலிருந்து அதை எல்லாரும் அவளைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள். இது அவளுக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. அம்மா ஏற்கெனவே தெரு முழுக்க 'மேனேஜர்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

காந்தன் அதற்குள் மேசைமேல் மடித்துக் கிடந்த சிவப்புப் பொன்னாடையைத் தடவிக்கொண்டிருந்தார். போன வாரம் கோயில் நிதி விருந்தில் போர்த்தியது.

"நீ வந்திருக்கணும்லா. மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, மைக்க வேற கையில குடுத்துட்டாங்க. என்னா கைதட்டு!"

இதை அவர் ஒன்பதாவது தடவையாகச் சொன்னார்.

அன்று முதலில் வந்தவர் உம்பாயில் மீன் லாரி ஓட்டும் சேகரன். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, புதுசு என்னைக்கு வருது?"

"அடுத்த மாசம்ணே. ஆனா வெல ரெண்டு மடங்கு. இது நல்ல சாமான், இப்பவே எடுத்துட்டுப் போலாம்."

"அவசரமில்லமா. காத்திருக்கோம்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

திலகா இருபது விழுக்காடு விலைக் கழிவு என்று பதாகை எழுதித் தொங்கவிட்டாள். பாயா ரும்புட்டிலிருந்து மங்களம் அக்கா வந்தார். பெட்டிக்குள் வயர் இருக்கிறதா, கன்ட்ரோலர் ஒன்றா இரண்டா என்று கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோல் விசாரித்தார்.

"எடுத்துக்கிறீங்களாக்கா?"

"இப்ப எதுக்குமா? புதுசு வரட்டும்."

கழிவை ஐம்பது விழுக்காடாக்கினாள். கூட்டம் கூடியது. எல்லாரும் பார்த்தார்கள், தேதி கேட்டார்கள், போனார்கள். புதிய தலைமுறை வரும்போது பழையதன் விற்பனை சரியும் என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு வளைகோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தக் கோடு தரையைத் தட்டும்போது கல்லாவுக்குப் பின்னால் யார் நின்று திட்டு வாங்குவார் என்று மட்டும் சொல்லித்தரவில்லை.

வந்த கோபத்தில் வாசலில் ஒட்டியிருந்த புதிய பெட்டியின் போஸ்டரைப் பிய்த்தெடுத்தாள். அடுத்து வந்தவர்களிடம், "புதுசு இந்த வருசம் வராது," என்று கூசாமல் சொன்னாள்.

மறுபடி வந்திருந்த மங்களம் அக்காவின் முகம் சுருங்கியது. "வராதா? என்னம்மா இப்படிச் சொல்ற? பிள்ளைங்ககிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்?"

மாலைக்குள் காந்தன் கத்திக்கொண்டு வந்தார். "புதுசு வராதுன்னு சொன்னது யாரு? கோயில் தலைவரே போன் பண்ணிக் கேக்குறாரு! ஊர்ல புதுசு மேல எவ்ளோ ஆசை பாரு. மொதல்ல போஸ்டர ஒட்டு. வர்ற தேதியையும் கொட்டை எழுத்துல போடு."

ஒட்டினாள். கடைக்கு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். தேதியை வெளியே நின்றே படித்துவிட முடிந்தது.

"திருஷ்டிதான்," என்று முடிவு கட்டினார் காந்தன். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டி, புதுக் காருக்கு வைப்பதுபோல் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் பட்டையாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தார்.

அன்று மதியம்தான் நிவேந்திரன் என்ற கல்லூரி மாணவன் கையில் காசோடு வந்தான். புது ஊர்க்காரன். மூன்று வாரத்தில் வாங்குவதற்கென்றே வந்த ஒரே ஆள்.

பொட்டைப் பார்த்தான். "அக்கா, இது யாரோ வாங்கிப் பூசை போட்டு ஓட்டினதா?"

"இல்ல தம்பி, புதுசுதான்!"

"செகண்ட் ஹேண்டுன்னா நேரா சொல்லிடுங்க லா."

அவனும் போனான். திலகா கையில் அகப்பட்ட துணியை நனைத்துக் குங்குமத்தைத் தேய்த்தாள். அகப்பட்டது பொன்னாடை. அதன் சிவப்புச் சாயம் பெட்டியில் இறங்கியது. ஜரிகை பெட்டிமேல் இருந்த படத்தைச் சுரண்டியது. பன்னிரண்டு பெட்டிகளும் விபத்தில் சிக்கியவைபோல் வரிசையாக நின்றன.

சொன்ன தேதியில் புதியவை வந்து இறங்கின. திலகா தன் பையை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தாள். கதவைத் திறந்தாள். கடை வாசலிலிருந்து சாலை முனைவரை வரிசை. முன்னால் சேகரன், பின்னால் மங்களம் அக்கா, அதற்குப் பின்னால் கோயில் தலைவர், கையில் ஒரு பெயர்ப் பட்டியலோடு.

"பாத்தியா!" என்று காந்தன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நம்ம ஆளுங்க புதுசுன்னா விட மாட்டாங்க. பழசப் போட்டுக் கட்டி அழுதியே! பில் புக்க எடு."

திலகா பில் புத்தகத்தைத் திறந்தாள். "சொல்லுங்கண்ணே. புதுசு எத்தன வேணும்?"

சேகரன் குங்குமம் வழிந்த பழைய பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"புதுசு யாருக்குமா வேணும்? புதுசு வர்ற அன்னிக்கு, மிச்சமிருக்குற பழசெல்லாம் கோயில் பிள்ளைங்களுக்குச் சும்மா தர்றேன்னு ஒங்க மொதலாளி பொன்னாடையோட மைக்ல சொன்னாருல்ல?"